நடுகல்லும் மறவர் அறமும்

வீரத்தைப் போற்றாத நாடு இல்லை. வீரனுக்குத் தெய்வத் தன்மை ஏற்றிப் பாராத மக்களும் இல்லை. நம் விடுதி அறைகளில் இரவு நெடுநேரம் ஓடும் சப்பானியப் படங்களையும் கணினி விளையாட்டுகளையும் பாருங்கள். அவற்றில் ஒரு சாமுராய்க் குலம் வரும். அக்குலத்துக்கு ஒரு மலைத்தெய்வம் உண்டு. முன்னோர் ஆவி குடியிருக்கும் வாள் உண்டு. தலைவனுக்காக உயிர் விடுவேன் என்னும் சூளுரை உண்டு. அது கற்பனைக் குலம் என்று அறிந்தும் நம் மாணவர் உள்ளம் சிலிர்க்கின்றனர். சிலிர்ப்பது குற்றமன்று. ஆனால், அச்சிலிர்ப்பு அடங்கிய பின் ஒரு வினா எழ வேண்டும். சமயமும் போரும் கலந்த இத்தகைய அறம் தமிழரிடம் இருந்ததா? இருந்ததெனின், அது எத்தகையது? இன்று நாம் தலைவணங்கத் தக்கதா?

இருந்தது, கற்பனையாக அன்று, கல்லாகவே இருந்தது. அக்கல்லுக்கு நடுகல் என்று பெயர்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மிடம் இருவகைச் சான்றுகள் உள்ளன. ஒன்று செய்யுள், மற்றொன்று கல்வெட்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி காட்டும் அளவை மற்றொரு கருவியால் சரிபார்ப்பது நம் வழக்கம். அம்முறையை இங்கும் கைக்கொள்வோம். செய்யுள் கூறுவதைக் கல்லிடம் கேட்போம். கல் கூறாததைச் செய்யுளிடம் கேட்போம்.

கல் தெய்வமான முறை

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு படிகளாக வகுக்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்பன அவை. தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதனை எடுத்துவரத் தொடங்குவது கால்கோள். நீரால் தூய்மை செய்வது நீர்ப்படை. பின் கல்லை நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துவர்.

இவ்வாறு நின்ற கல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்தனர். மயிற்பீலி சூட்டினர், துடி முழக்கினர், கள்ளும் ஆடும் படைத்தனர். சங்கப் பாடல்களில் இச்செய்திகள் பல இடங்களில் வருகின்றன. மாங்குடி கிழார் புறநானூற்றில் ஒரு படி மேலே செல்கிறார். பகைவரைத் தடுத்து நின்று யானையை வீழ்த்தி இறந்தவனின் கல்லைத் தவிர, நெல் தூவி வழிபடத் தக்க கடவுள் வேறில்லை என்பது அவர் பாட்டின் கருத்து. இதனை ஆழ்ந்து நோக்குக. வானுலகிலிருந்து இறங்கி வந்த தெய்வத்தை அவர் பாடவில்லை. நேற்றுவரை அதே ஊரில் உண்டு உறங்கி, அண்டை வீட்டாரோடு சண்டையும் இட்டிருக்கக் கூடிய ஒருவனே அங்குத் தெய்வமானான். அவன் செயலே அவனைத் தெய்வமாக்கியது.

இளங்கோவடிகள் இம்முறையை ஒரு பெண்ணுக்கு உரியதாக்கினார். சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்தின் காதைகளுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்றே பெயர்கள் அமைந்துள்ளன. போர்க்களம் புகாத கண்ணகிக்கு வீரனுக்குரிய கல் கிடைத்தது. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கங்கையில் நீராட்டினான் என்பது காப்பியம். படிப்பும் பிழைப்பும் தேடி வடக்கே வந்த நமக்கு முன்னரே, தமிழரின் கல் ஒன்று காப்பிய வழியில் வடக்கே வந்து சென்றிருக்கிறது.

செய்யுள் காட்டும் அறம்

இச்சமயத்தோடு பிணைந்த அறம் யாது? சங்கச் சான்றோர் சில நெறிகளைத் தெளிவாகக் காட்டுகின்றனர்.

முதலாவது, அறிவித்துப் போரிடுதல். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடும்போது, ஆக்களும், பார்ப்பனரும், பெண்டிரும், நோயுற்றோரும், மகப்பேறு இல்லாதோரும் பாதுகாப்பான இடம் சேருமாறு முன்னறிவிக்கும் முறையைப் புகழ்கிறார்.

இரண்டாவது, புறமுதுகு காட்டாமை. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேலால் சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டான். அப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். நோயால் இறந்த மறக்குடி ஆடவரையும் வாளால் கீறி அடக்கம் செய்யும் வழக்கத்தை ஔவையார் பாட்டால் அறிகிறோம். இறந்து பிறந்த குழவியையும் ஆள் அன்றென்று விடாமல் வாளால் வெட்டும் மரபைச் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாட்டுக் கூறுகிறது. இவற்றைப் படிக்கும்போது பெருமிதம் மட்டும் தோன்றின் நாம் சரியாகப் படிக்கவில்லை என்பது பொருள். ஓர் அச்சமும் தோன்ற வேண்டும். மானம் என்ற ஒன்று பச்சிளங் குழவியின் உடலையும் விட்டுவைக்கவில்லை அல்லவா?

மூன்றாவது நெறியைப் பலர் எடுத்துப் பேசுவதில்லை. அது போரைக் கைவிடும் துணிவு. கோப்பெருஞ்சோழன் தன்னை எதிர்த்த மைந்தர்மேல் போருக்கு எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் அவனைத் தடுத்தார். 'நீ வென்றால் நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய்?' என்னும் கருத்துப்பட அவர் கேட்டார். மன்னன் வாளை வைத்துவிட்டு வடக்கிருந்தான். ஒரு புலவரின் வினா ஒரு போரை நிறுத்தியது. இதுவும் மறவர் அறத்தின் பகுதியே; அதன் மிக உயர்ந்த பகுதி என்றும் கூறலாம்.

கல் கூறும் செய்தி

இனிக் கற்களிடம் செல்வோம். 2006ஆம் ஆண்டு, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டனர். அவற்றின் காலத்தைக் கிறித்துவுக்கு முன்னர்க் கொண்டு செல்வர் அறிஞர். அவற்றுள் ஒன்று, கூடல் ஊர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பவனின் கல். 'ஆகோள்' என்பது ஆநிரை கவர்தல். தொல்காப்பியம் வெட்சித் திணையில் ஆளும் அதே சொல். இலக்கணத்தில் நாம் உருப்போட்ட சொல் ஒருவன் இறந்த இடத்தில் உளியால் வெட்டப்பட்டு நிற்கிறது! செய்யுள் வெறுங்கனவு அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதி. அவற்றின் வாசகம் பெரும்பாலும் ஒரே அமைப்பு உடையது. எந்த மன்னனின் எத்தனையாம் ஆண்டு, எந்த ஊர், யாருடைய மகன் அல்லது சேவகன், எந்தத் தொறுவின் பொருட்டுப் 'பட்டான்' என்பதைக் கூறி முடிந்துவிடும். தொறு என்பது ஆநிரை. பட்டான் என்பது வீழ்ந்தான் என்பது. உவமை இல்லை, உயர்வு நவிற்சி இல்லை. வேந்தனைப் பாடிய புலவர்க்குப் பொன்னும் யானையும் கிடைத்தன. கல்வெட்டியவனுக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை. ஆதலின் அவன் சொல் சுருங்கி நின்றது.

அப்பகுதியின் எடுத்தனூர்க் கல் தனிச் சிறப்புடையது. அது முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில் நடப்பட்டது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவகத்தி என்பவனின் கல் அது. அவன் உருவத்தருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல் பெயர் சொல்லிப் போற்றுகிறது. பிறப்பையும் குலத்தையும் பார்த்து மதிப்பிடும் உலகில், ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் காத்துத் தந்த ஊரார் எத்தகைய நடுவுநிலையாளர்!

வெறும் வழிபாட்டோடு ஊரார் நின்றுவிடவுமில்லை. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் அளித்தனர். அந்நிலத்தைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்று குறிக்கும். குருதிக்கு ஈடான நிலம் என்பது பொருள். தெய்வமாக்கிக் கும்பிட்டுவிட்டு, அவன் மனைவி மக்களைப் பட்டினி போடுவது அறமாகாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆனால், நடுவுநிலை பிறழாமல் மறுபக்கத்தையும் கூற வேண்டும். நிரை மீட்டு இறந்தவனுக்கு மட்டும் கல் நிற்கவில்லை. நிரை கவரச் சென்று இறந்தவனுக்கும் கல் உண்டு. அகநானூற்றில் அம்மூவனார் பாட்டொன்று, ஆநிரை கவர்ந்து வரும் மறவர் நடுகல்லுக்குப் பீலி சூட்டிப் பலியிடுவதைக் காட்டுகிறது. காத்தவனும் கும்பிட்டான், கவர்ந்தவனும் கும்பிட்டான். எனவே, வழிபாடு ஒன்றே அறத்துக்குச் சான்றாகாது. தெய்வம் துணை நிற்கிறது என்று ஒருவன் நம்புவதால் அவன் செயல் நேரிதாகிவிடாது. இது நாம் மறவாமல் மனத்தில் வைக்க வேண்டிய முதற் பாடம்.

தலைவனுக்காகத் தலை

ஊருக்காக உயிர் விட்ட நெறி ஒன்று; தலைவனுக்காக உயிர் விட்ட நெறி மற்றொன்று. வேந்தர் ஆட்சி வளர வளர இரண்டாவது நெறியும் வலுப்பெற்றது.

மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் நம்மில் பலர் கண்டது. அதன் உள்ளே நிற்கும் கொற்றவையின் திருவடியில் மண்டியிட்ட ஒருவன், தன் குடுமியை ஒரு கையால் பற்றி, மறுகை வாளால் தன் கழுத்தை அரியத் தொடங்குகிறான். சுற்றுலா செல்வோர் பலரும் அவனைக் கவனிப்பதில்லை. உடலில் ஒன்பது இடத்துத் தசையை அரிந்து, இறுதியில் தலையையும் அரிந்து படைப்பதை நவகண்டம் என்பர். நெல்லூர் மாவட்டத்து மல்லத்தில் உள்ள பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டு, அவ்வாறு தலை கொடுத்த ஒருவனுக்காக நிலம் விட்ட செய்தியைத் தருகிறது. மன்னனின் வெற்றிக்காக மறவர் பலிபீடத்தில் தலை வைப்பதைச் சிலப்பதிகாரமும் கூறும்.

சோழர் காலத்து வேளைக்காரப் படையினர், உற்ற வேளையில் உயிர் கொடுப்போம் என்று சூளுரைத்தவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் இறந்தால் அவனுடைய மெய்காவலர் சிதைத் தீயில் பாய்ந்து உடன் இறப்பர் என எழுதிவைத்தார்.

இவர்களின் துணிவை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால், நிரை மீட்டு இறந்தவனால் ஒரு கன்றாவது தொழுவம் திரும்பியது. ஒரு குழந்தைக்காவது பால் கிடைத்தது. சிதையில் பாய்ந்தவனால் யாருக்கு என்ன மீண்டது? இறந்த மன்னன் அதனை அறியான். வாழும் மன்னனின் அச்சுறுத்தும் ஆற்றல் மட்டுமே அதனால் பெருகியது.

இலங்கையில் வேளைக்காரர் வரலாறு மேலும் சிந்திக்கத் தக்கது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் விசயபாகு மன்னன் சோழ நாட்டின்மேல் படையெடுக்க ஆணையிட்டபோது, அவனிடம் பணிபுரிந்த வேளைக்காரர் மறுத்துக் கிளர்ந்தனர். மன்னன் அவர்களைக் கடுமையாக ஒடுக்கினான். ஆனால், அம்மன்னன் மறைந்தபின், பொலன்னறுவையில் புத்தரின் பல் வைத்த கோயிலைக் காக்கும் பொறுப்பை அதே வேளைக்காரர் ஏற்றனர். அக்கோயிலையும் அதன் ஊர்களையும் அங்கு அடைக்கலம் புகுந்தோரையும் காப்போம் என்று அவர்கள் தமிழில் பொறித்த கல்வெட்டு இன்றும் அங்கே நிற்கிறது. சூளுரை அதுவே, காக்கப்படுவோர் மாறினர். ஒரு மன்னனின் மெய் மட்டும் அன்று, அடைக்கலம் தேடி வந்த எளியோனும் அச்சூளுரைக்குள் அடங்கினான். அவ்வளவில் அது உயர்ந்தது.

சாமுராய் நூலும் நம் கல்லும்

இனிச் சாமுராய்க்கு வருவோம். சப்பானிலும் தலைவன் இறந்தால் உடன் இறக்கும் வழக்கம் இருந்தது. அதனைச் சுன்சி என்பர். 1663இல் அந்நாட்டு அரசே அதனைத் தடை செய்தது. சாமுராய் அறத்தின் நூலாக இன்று உலகெங்கும் பேசப்படும் ஆகாகுரே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாமமோட்டோ சுனெட்டோமோ சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அவர் தம் தலைவன் 1700இல் இறந்தபோது உடன் இறக்கத் தடை இருந்தமையால் துறவு பூண்டவர். போர்க்களமே காணாத நெடிய அமைதிக் காலத்தில் வாழ்ந்தவர். மேலை நாட்டார்க்குச் சாமுராய் அறத்தை அறிவித்த நிடோபே இனாசோவின் 'புசிடோ' என்னும் நூல் 1900இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அப்போது சாமுராய் என்ற வகுப்பே சட்டப்படி இல்லை. அவர்கள் வாள் அணிவது 1876இலேயே தடை செய்யப்பட்டிருந்தது.

இதனால் அந்நூல்கள் தாழ்ந்தன என்பது கருத்தன்று. ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். போர் ஓய்ந்த பின் எழுதும் அறநூல் சாவை அழகாக்கும். ஏனெனில், எழுதுகிறவன் கண்முன் பிணம் இல்லை. இறந்தவனின் உறவினர் நட்ட கல்லோ சாவை அழகாக்காது. 'பட்டான்' என்று மட்டும் சொல்லும். நம் மேடைப் பேச்சாளரும் புறநானூற்றை எடுத்துக்கொண்டு சாவை அழகாக்குவது உண்டு. தாய் மகனைப் போருக்கு அனுப்பிய பாட்டுக்குக் கைதட்டும் நாம், எயிற்றியனாரின் வினாவுக்குக் கைதட்டுகிறோமா?

தில்லி தரும் ஒப்புமை

நாம் வாழும் இந்நகரிலேயே இப்பொருளுக்கு ஏற்ற ஒப்புமை உள்ளது. துவாரகா 16சி பகுதியில் நிற்கும் பல்கலைக்கழகம் குரு கோவிந்த் சிங்கின் பெயரைத் தாங்கியது. அவருடைய தந்தையார் குரு தேக் பகதூர் 1675இல் சாந்தினி சௌக்கில் கொல்லப்பட்டார். தம் சமயத்தார் அல்லாத காசுமீரப் பண்டிதரின் வழிபாட்டு உரிமைக்காக அவர் தலை கொடுத்தார் எனச் சீக்கியர் போற்றுவர். அவ்விடத்தில் சீசுகஞ்சு குருத்துவாரா நிற்கிறது. மைந்தர் 1699இல் ஆனந்தபூரில் கால்சாவை நிறுவினார். வேறு வழிகள் யாவும் தோற்ற பின்னரே வாளெடுப்பது முறையாகும் என்னும் கருத்தை, ஔரங்கசீப்புக்கு எழுதிய சபர்நாமா என்னும் பாரசீகச் செய்யுள் மடலில் அவர் வைத்தார்.

ஆனந்தபூர்ப் போரில் பாய் கன்னையா என்பார் காயமுற்ற பகைவர்க்கும் நீர் கொடுத்தார். குறை கூறியோர் குருவிடம் சென்றபோது, குரு அவரைப் பாராட்டி மருந்தும் கொடுத்து அனுப்பினார் என்பது சீக்கிய மரபு. திருவள்ளுவரும் படைச்செருக்கு அதிகாரத்தில், பகைவனுக்கு ஓர் இடுக்கண் வந்தபோது உதவுவதே வீரத்தின் கூர்மை என்னும் கருத்தை வைத்துள்ளார். வைகைக் கரையும் சட்லெச்சுக் கரையும் இங்கே ஒன்றுபடுகின்றன.

நடுகல் மரபும் மறையவில்லை. இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. மதராசு ரெசிமெண்டுத் தமிழரின் பெயரும் அங்கு உண்டு. சற்று அப்பால் 1931இல் திறக்கப்பட்ட இந்தியா கேட்டில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவர்களுள் பெரும்பாலோர் முதல் உலகப் போரில், அயலார் பேரரசு ஒன்றுக்காக மடிந்தவர். இரு கற்களிலும் உள்ள வீரம் ஒன்றே. ஆனால், 'யார் பொருட்டு?' என்ற வினாவுக்கு விடை ஒன்றன்று.

நாம் கொள்ள வேண்டுவது

ஆதலின் எந்த வீர மரபைக் கண்டாலும், அது கற்பனைக் குலமாயினும் நம் முன்னோர் குடியாயினும், மூன்று வினாக்களைக் கேட்போம். இறந்தவன் எதைக் காத்தான்? யார் பொருட்டு இறந்தான்? அவனுக்குக் கல் நட்டவர், அவன் விட்டுச் சென்றவரைக் காத்தனரா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் தலைவணங்குவோம். கிடைக்காவிடின், துணிவை வியந்து, வழியை விலக்குவோம். பழைமை என்பதற்காக ஏற்பதும் தமிழன்று. பழைமை என்பதற்காகத் தள்ளுவதும் அறிவன்று.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒன்று செய்யுங்கள். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படும் கற்கள் பல பழைய நடுகற்களே. உங்கள் ஊர் எல்லையிலும் ஏரிக்கரையிலும் அத்தகைய கல் இருக்கலாம். எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். துணி துவைக்கவும் பயன்பட்டிருக்கும். அதனைப் படம் எடுங்கள். எழுத்து இருப்பின் அதன்மேல் சுண்ணமோ வண்ணமோ பூசாமல், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். முதியோரிடம் அக்கல்லின் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாயின் பெயரைக்கூட மறவாமல் பொறித்து வைத்தவரின் வழிவந்த நாம், ஒரு மனிதனின் பெயரை மண்ணில் புதைய விடலாமா?